மாறன்குடியில் பத்தரை மணி மோர்

மாறன்குடி மேட்டைப் பார்க்க வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்குள் வந்துவிடுவது நல்லது. வெயில் சாய்வாக விழும்போதுதான் கரைகளின் நிழல் தரையில் நீளும். தெரு எது, வீடு எது என்று தனித்தனியாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் வந்தால் கரிசல் காட்டில் கொஞ்சம் மண்குவியல்தான் இருக்கும். நீங்கள் போன வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஜீப்பில் வந்து பார்த்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் சார். அந்த நேரத்தில் எனக்கே அங்கே ஒன்றும் தெரியாது.

"உங்க கைப்படவே எழுதிக் குடுத்துருங்க சார், நான் எழுதினா எதையாச்சும் விட்டுருவேன்" என்றீர்கள். முப்பத்திரண்டு வருடம் சரித்திரப் பாடம் நடத்தியவனிடம் தாளைக் கொடுத்தால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சாம்சுந்தர். வயது அறுபத்தாறு. சொந்த ஊர் நாசரேத் பக்கம். மல்லாங்கிணறுக்கு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டேன். மனைவி இன்பம், ஓய்வுபெற்ற நர்ஸ். இந்த விஷயத்தில் அவளுக்கு எந்தப் பங்கும் இல்லை, மோர் கரைத்துக் கொடுத்ததைத் தவிர.

பதினோரு வருடத்துக்கு முன்பு வரை அங்கே அப்படி ஒரு மேடு இருப்பதே என் கண்ணில் பட்டதில்லை. ஆள் நுழைய முடியாத சீமைக்கருவேலங்காடு. விருதுநகரில் மிளகாய் வற்றல் மண்டி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் நிலம். அவர்கள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கரிமூட்டம் போடுகிறவர்கள் முள்ளையெல்லாம் வெட்டி எடுத்த பிறகு, ஒரு நாள் காலை நடைக்குப் போன நான் பார்த்தேன். இரண்டு வரிசையாகப் பதினாலு மண்கரைகள், ஒவ்வொன்றும் இடுப்பு உயரம். மூன்று பக்கம் கரை, ஒரு பக்கம் திறப்பு. நடுவே நேரான பாதை. குனிந்து கிளறினால் கை நிறையப் பானை ஓடுகள். அதே வாரம் ஒரு கரையின் சரிவில் செப்புக்காசு ஒன்று கிடைத்தது. எண்ணூறு வருடத்துக் காசு.

பக்கத்துக் கண்மாயின் மடைக்கல்லில் மாறன்குடி என்று ஓர் ஊர்ப்பெயர் வெட்டியிருப்பது எனக்கு முன்பே தெரியும். அந்த ஊர் எங்கே போனது என்றுதான் யாருக்கும் தெரியாமல் இருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தத் தெருவில் மேலும் கீழும் நடந்தேன். கல்யாணத்தன்றுகூட இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை என்று வீட்டுக்கு வந்து சொன்னதற்கு இரண்டு நாள் பழைய சோறுதான் கிடைத்தது.

உள்ளூரில் ஓரிரண்டு பெரியவர்கள், "அங்கன முன்னாடி ஏதோ கம்பெனி இருந்துச்சே" என்று சொன்னதுண்டு. நம் பக்கத்தில் எந்தப் பொட்டலைக் காட்டினாலும் ஏதோ கம்பெனி இருந்தது என்றுதான் சொல்வார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதன் பிறகு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாறன்குடிக்கு நடை. இது ஊர்த்தலைவர் வீடு, இது செக்கு ஆட்டுகிறவர் வீடு, கடைசியில் இருப்பது குயவர் வீடு என்று சொல்லிக்கொண்டே போவேன். பிள்ளைகள் வாசல் வழியாக மட்டும்தான் உள்ளே நுழைய வேண்டும். கரை ஏறிக் குதித்தால், "அடுத்தவன் வீட்டுச் சுவரை ஏறிக் குதிப்பியாலே?" என்று அதட்டுவேன். அந்த வாசல்களில் ஒரு விசேஷம் உண்டு. பதினாலும் கிழக்கே பார்த்தவை. ஒன்றுக்கு நேராக ஒன்று கிடையாது. அண்டை வீட்டை எட்டிப் பார்க்காத நாகரிகம் படைத்த ஊர் என்று பத்திரிகையில் எழுதினேன். சென்னையிலிருந்து ஒருவர் பாராட்டிக் கடிதம் போட்டார். கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறதே, நீங்கள் காப்பி குடிக்கும்போது பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அதுதான்.

நடை முடிந்ததும் பதினொன்றரை மணிக்கு ரோட்டோரப் புளியமரத்தடியில் மோர். இன்பம் பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டு இரண்டு தூக்குவாளி நிறையக் கொடுத்துவிடுவாள். பதினோரு வருடத்தில் அந்த நேரம் ஒரு நாளும் மாறியதில்லை. வாத்தியார் புத்தி, மணி அடித்த மாதிரிதான் எல்லாம் நடக்கும்.

மனு வாங்கும் திங்கட்கிழமைகளில் சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸுக்கு மனுவோடு போவேன். மாறன்குடியைத் தோண்டிப் பாருங்கள், வேலி போடுங்கள், பலகை வையுங்கள் என்று பதினேழு மனு. வாசலில் நிற்கும் காவலருக்கு என் பெயரே மாறன்குடி சார் என்று ஆகிப்போனது. நான் கிளம்பும்போதெல்லாம், "என்னங்க, உங்க ஊரு ரேஷன் கடைக்கும் ஒரு மனு எழுதிட்டீகளா?" என்பாள் இன்பம். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். கடைசியில் இந்த மாசி மாதம் சோதனைக்குழி போட அனுமதி வந்தது. மதுரையிலிருந்து பிரீத்தி என்ற ஆய்வாளர் வருவதாகக் கடிதம். பள்ளித் தலைமையாசிரியை ரோட்டில் வைக்கப் பெயர்ப்பலகைக்கு மாதிரி எழுதிக் காட்டினார். மாறன்குடி, கண்டறிந்தவர் ஆசிரியர் சாம்சுந்தர். நான் அதை வாங்கி இரண்டு மூன்று தடவை படித்தேன்.

இப்போது ஒச்சப்பனுக்கு வருகிறேன். முள் வெட்டும் வேலைக்குப் போகிறவன், நாற்பது வயது, நல்ல உழைப்பாளி. தோண்டும் வேலைக்கு நான்தான் அவனையும் முத்துப்பாண்டியையும் சிபாரிசு செய்தேன். ஒச்சப்பனின் தாயார் பொன்னுத்தங்கம். பிறந்து வாழ்க்கைப்பட்ட சாத்தூர்ப் பக்கத்திலேயே இருந்தவர், புருஷன் தவறியதும் போன வருடம்தான் மகனோடு வந்து தங்கினார். குழி போட மூன்று வாரம் இருக்கும்போது, முள்ளைச் சுத்தம் செய்துகொண்டிருந்த மகனுக்குச் சோற்றுவாளி எடுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்தார். வந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு கரையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஊர் பார்க்கிறார் என்று நான் பெருமையாகப் பக்கத்தில் போனேன்.

"சார், கோவிச்சுக்காதீக. இது ஊரு இல்ல. நாங்க வேலை பாத்த கம்பெனி" என்றார்.

"எந்தக் கம்பெனிம்மா?"

"பட்டாசுக் கம்பெனி. அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. சாத்தூர்ல இருந்து வேன்ல அள்ளிக்கிட்டு வருவாக. ஒரு கரைக்குள்ள ஒரு ரூமு. ஒன்னு வெடிச்சா அடுத்ததுக்குப் பரவக் கூடாதுன்னு மூணு பக்கமும் மண்ணு ஏத்துனது. இங்கன மேடா கெடந்ததை வெட்டித்தான் கரை போட்டாக. வாசலுக்கு நேரா வாசல் வைக்க மாட்டாக சார். தீ உள்ள பாஞ்சிரும்ல."

நான் குயவர் வீடு, செக்கு வீடு என்றெல்லாம் வாயெடுக்கவில்லை. அவர் இடது வரிசையில் ஐந்தாவது கரைக்குள் போய் நின்றார். நான் ஊர்த்தலைவர் வீடு என்று சொல்லிக்கொடுக்கும் இடம் அது.

"அஞ்சாம் நம்பரு. இங்கனதான் செல்லக்கனி செத்தா. அவளும் நானும் ஒரே தட்டுல சாப்பிடுவோம்."

மத்தாப்புக் கம்பிக்குத்தான் லைசென்ஸாம். உள்ளே உருட்டியதென்னவோ வெங்காய வெடி. உங்களுக்குத் தெரிந்திருக்கும், வெங்காயம் மாதிரி உருண்டையாக இருக்கும், பற்றவைக்க வேண்டாம், தரையில் ஓங்கி எறிந்தால் போதும். செல்லக்கனியோடு இன்னும் இரண்டு பேர் செத்த அன்று, அதிகாரிகள் வருவதற்குள் மிச்ச மருந்தை ஏழு ஜாடியில் அடைத்து, மெழுகு வைத்து மூடிப் புதைத்துவிட்டார்களாம். கம்பெனியும் அத்தோடு மூடப்பட்டது.

"அந்தா, அந்த ரெண்டு பனைக்கு நடுவுல. நானுந்தான் மண்ணு தள்ளுனேன். அடிபட்டா வெடிக்கிற மருந்து சார். அங்கன கடப்பாரை போட்டா என்னாகும்? நான் சொன்னா ஆபீசருக கேப்பாகளா? நீங்க சொன்னா கேப்பாக."

அந்தம்மா மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. உண்மையைச் சொல்வதென்று உட்கார்ந்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடமாக நான் கட்டிய ஊரை ஒரு சோற்றுவாளியைத் தூக்கிக்கொண்டு வந்து ஐந்து நிமிடத்தில் இடித்துப் போட்டுவிட்டார் என்று ஆத்திரம். ஆனாலும் முகத்தில் காட்டவில்லை. மரியாதையாகத்தான் பேசினேன்.

"நான் சொல்லிக்கிறேன்மா. நீங்க வேற யாருகிட்டயும் வாய் திறக்காதீக. வேலை நின்னுபோச்சுன்னா ஒச்சப்பனுக்கும் கஷ்டம்."

"நீங்க சொன்னாப் போதும் சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். நிம்மதியாகப் போனார், அதைக் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் காலை நான் மட்டும் கொத்துக்கரண்டியோடு போய் ஐந்தாவது கரையை ஒரு முழம் குடைந்து பார்த்தேன். மேலே பானை ஓடுகள். அதற்கடியில் ஒரு கட்டு மத்தாப்புக் கம்பி, துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் கண்மாயில் போட்டுவிட்டு வந்து இட்லி சாப்பிட்டேன்.

பிரீத்தி வந்தார். இருபத்தெட்டு வயது, தொப்பியும் பெரிய பையுமாகச் சுறுசுறுப்பான பெண். வந்த அன்றே கரைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "சார், முதல் குழியை இந்தக் கரைக்குக் குறுக்க வெட்டிரலாம். எத்தனை தடவை மண்ணு ஏறியிருக்குன்னு ஒரே நாள்ல தெரிஞ்சிரும்" என்றார். குறுக்கே வெட்டினால் மதியத்துக்குள் மத்தாப்புக் கம்பி வெளியே வந்துவிடும். பேச்சுவாக்கில், குழியை இரண்டு பனைக்கு நடுவே போடுவதென்று முடிவானது. கயிறு கட்டி நாலு மூலையிலும் முளை அடித்தார்கள். சுத்தியலால் அடிக்கும்போது நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன்.

புதன்கிழமை தேங்காய் உடைத்து வேலை தொடங்கியது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரை ஸ்ரீமதி டீச்சர் கூட்டிவந்திருந்தார். வரச் சொல்லிப் பள்ளிக்கு எழுதியது நான்தான், பொன்னுத்தங்கத்தைப் பார்ப்பதற்கு முன்பே எழுதியது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக நின்றன. முதலில் மண்வெட்டியால் மேல்மண்ணைச் சீவினார்கள். பத்து மணி வாக்கில் பிரீத்தி மண்ணைக் கையில் எடுத்து உதிர்த்துப் பார்த்து, "இங்க மட்டும் பொலபொலன்னு இருக்கே, முன்னாடி யாரோ தோண்டின மாதிரி" என்றார். அடுத்தது கடப்பாரைதான் என்று எனக்குத் தெரிந்தது.

பத்தரைக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். மோர் குடிக்கலாம் வாங்க என்றேன். பானை வரும் நேரத்தில் எங்கே போவது என்று பிள்ளைகளுக்கு வருத்தம். ஸ்ரீமதி டீச்சர்கூட, "இப்பத்தானே சார் ஆரம்பிச்சிருக்காங்க" என்றார். நான் விடவில்லை, கடைசிப் பிள்ளை புளியமரத்தடிக்கு வந்து சேரும்வரை எண்ணிக்கொண்டே நின்றேன். இருபதாவது டம்ளர் ஊற்றும்போது சத்தம் வந்தது. பத்து ஐம்பது. புளியம்பழம் எல்லாம் எங்கள் தலையில் உதிர்ந்தது.

ஒச்சப்பனும் முத்துப்பாண்டியும் அங்கேயே போய்விட்டார்கள். பிரீத்தி நோட்டு எடுக்கக் காருக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தார். உயிர் தப்பினார், ஆனால் இரண்டு காதும் கேட்பதில்லை. மறுநாள் பேப்பரில் மாணவர்களின் உயிரைக் காத்த ஆசிரியர் என்று என் படம். பழைய படம், மீசை கறுப்பாக இருக்கும்போது எடுத்தது. இன்பம் அதைப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தாள். பிறகு, "பதினொன்னரைக்குத்தானே எப்பவும் மோர் குடுப்பீக?" என்று கேட்டாள். வெயில் அதிகமென்று சொன்னேன். அன்றிலிருந்து உங்க ஊரு என்று அவள் கேலி செய்வதில்லை.

ஒச்சப்பன் வீட்டு வாசலில் பொன்னுத்தங்கம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க சொல்லியும் அவுக கேக்கலையே சார். நீங்க அம்புட்டுச் சொல்லியும் கேக்காம எம்புள்ளையைக் கொன்னுட்டாகளே" என்று அழுதார். "என்ன செய்யம்மா" என்றேன். அவரே ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி எனக்குக் கொடுத்தார், நான் வெயிலில் வந்திருக்கிறேன் என்று. உங்களிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார். சார் சொன்னார், அதிகாரிகள் கேட்கவில்லை என்று. நீங்கள் பிரீத்தியிடம் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று அவர் எழுதிக் காட்டியிருக்கிறார். அதற்கப்புறம்தான் என் வீட்டுக்கு வந்தீர்கள். நன்றாகத் துப்புத் துலக்கியிருக்கிறீர்கள். சரித்திரமும் இப்படித்தான், இரண்டு பேர் சொல்வதை எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும்.

ஐம்பத்தைந்து வருடம் மண்ணுக்குள் கிடந்த மருந்து நமத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன், அதனால்தான் சொல்லவில்லை என்று உங்களிடம் முதலில் சொன்னேன். நீங்கள் காப்பி டம்ளரை வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "நமத்துப்போயிருக்கும்னு நினைச்சவரு, பிள்ளைகளை எதுக்கு சார் பத்தரைக்கே கூட்டிட்டுப் போனீக?" என் மாணவன் யாராவது இப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பேன்.

ஆகவே, பேச்சுவாக்கில் என்று மேலே எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். செப்புக்காசு கிடைத்தது பனைகளுக்கு நடுவே என்று பிரீத்தியிடம் நான் பொய் சொன்னேன். அதை நம்பித்தான் அவர் அங்கே கயிறு கட்டினார். ஒரு தடவை வெடித்துவிட்டால் அந்த மேட்டில் யாரும் மண்வெட்டி வைக்கப்போவதில்லை. வேலி போட்டு விட்டுவிடுவார்கள். கரைகள் அப்படியே இருக்கும், மாறன்குடியும் அப்படியே இருக்கும். நான் யோசித்தது அவ்வளவுதான். யார் மீதும் எனக்கு விரோதம் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. அதை நீங்கள் கேட்கவில்லை, கேட்கவும் வழியில்லை, கேட்டவன் போய்விட்டான். மோருக்குக் கிளம்பும்போது ஒச்சப்பன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு குழிக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டான். "சார், அம்மா சொன்ன எடம் இது இல்லைல?" என்றான். தாயார் சொன்னது அன்று அவன் காதில் அரைகுறையாக விழுந்திருக்க வேண்டும். முகத்தில் பயம்கூட இல்லை. நான் இருக்கிறேன் என்ற தைரியத்தில் சும்மா ஒரு வார்த்தைக்குக் கேட்டான். "இது இல்லப்பா, அது அங்கிட்டு" என்று கண்மாய்ப் பக்கம் கையைக் காட்டினேன். "சரி சார்" என்றான்.

பிரீத்தியை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். பேசினால் தன் குரலே தனக்குக் கேட்கவில்லை என்று தாளில் எழுதிக் கொடுத்தார். சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அப்படியே எழுதுகிறேன்: "வெடித்த பள்ளத்தின் வடக்குப் பக்கம் உறைகிணறு தெரிகிறது சார், நாலு உறை. போட்டோ பார்த்தேன். பழைய ஊர் அடியில் நிஜமாகவே இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் அந்த ஊர் மண்ணை வெட்டித்தான் கரை போட்டிருக்கிறார்கள். நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தாலும் மாறன்குடி உங்கள் ஊர்தானே? ஏன் சொல்லவில்லை?"

கடைசிக் கேள்வியை விடுங்கள், வலியில் எழுதியது. மாறன்குடி உங்கள் ஊர்தானே என்று எழுதியிருக்கிறார், அதைக் கவனியுங்கள். படித்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், சந்தோஷத்தில். பதினோரு வருடமாக நான் சொன்னது சரி. பலகை வைக்கும்போது என் பெயருக்குக் கீழே ஒச்சப்பன், முத்துப்பாண்டி பெயரையும் போடச் சொல்லித் தலைமையாசிரியைக்கு எழுதியிருக்கிறேன். அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் கிணறு வெளியே வந்திருக்காது, அவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

நீங்கள் கேட்டதை எல்லாம் எழுதிவிட்டேன். நீங்கள் சொல்லும் இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். பதிலுக்கு ஓர் உதவி மட்டும் செய்யுங்கள், சார். இந்தத் தாளைப் பொன்னுத்தங்கத்துக்குப் படித்துக் காட்ட வேண்டாம். நான் சொல்லியிருப்பேன் என்றே அவர் நம்பிக்கொண்டிருக்கட்டும். மகனைப் பறிகொடுத்த தாய், அவருடைய நம்பிக்கையையும் பறித்த பாவம் நமக்கு எதற்கு?